அம்மா கண்ணுக்குள் ஒரு குச்சி

மூன்று வார லீவில் டொராண்டோவிலிருந்து காரைக்குடி வந்தேன். அதில் பாதி மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் பெஞ்சிலேயே கழிந்தது. அம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. விழித்திரை நடுவில் நீர் கோத்துக்கொண்டு, மாதாமாதம் கண்ணில் ஊசி. ஊசிக்கு அவள் பயந்ததில்லை. பஸ்ஸில் கூட வர யாரைக் கேட்பது என்பதுதான் கவலை. அதையும் என்னிடம் சொன்னதில்லை, சித்தி சொல்லித்தான் தெரியும்.

ஆறு ஊசிக்குப் பிறகும் ஸ்கேனில் வீக்கம் வற்றவில்லை. ஓசுர்டெக்ஸ் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆறு மில்லிமீட்டர் நீளக் குச்சி, தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. தானாகக் கரையும் தையல் நூல் இருக்கிறதே, அந்த வகைப் பாலிமரில் மருந்தைக் கலந்து செய்தது. கரையக் கரைய மருந்து கசியும். மூன்று நான்கு மாதம் தாங்கும், திரும்ப எடுக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் வரை மருந்து விடும் இலுவியன் என்று ஒன்றும் உண்டு, அது கரையாது.

ஸ்டீராய்டு என்றால் புரை வளரும். அம்மாவுக்கு ஏற்கெனவே புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று, அந்தக் கவலை இல்லை. ஆனால் லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு கிழியாமல் இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார்கள். கிழிந்திருந்தால் குச்சி கண்ணின் முன்பக்கம் நழுவி வந்து கருவிழியைக் கெடுத்துவிடுமாம். இந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

வைத்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. "டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான்" என்றாள் அம்மா. பில் கட்டும் கவுண்டரில்தான் இரண்டு மணி நேரம்.

குறை ஒன்று உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் சொட்டு மருந்தும் 'ஒரு மாதம் கழித்து வரவும்' என்பதும் மட்டும்தான். இந்த மருந்தால் கண் அழுத்தம் கூடலாம், பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில்தான் உச்சத்துக்குப் போகும். ஆரம்பத்தில் வலிகூட இருக்காது. நானாகத் திரும்பிப் போய்க் கேட்ட பிறகுதான் நர்ஸ் "ஆமா சார், எட்டாவது வாரமும் பிரஷர் பாக்கணும்" என்று பேனாவால் எழுதினார். துணையில்லாமல் வரும் பாட்டிகளுக்கு யார் போய்க் கேட்பார்கள்?

பிரஷர் பார்க்க மட்டும் மதுரை போகத் தேவையில்லை. காரைக்குடியிலேயே ஒரு கண் டாக்டரிடம் பேசி, சித்தி மகன் போனில் இரண்டு தேதிக்கும் அலாரம் வைத்துவிட்டுக் கிளம்பினேன். போன வாரம் அழைத்தபோது அம்மா சொன்னாள்: "சீரியல்ல எழுத்து ஓடுறது தெரியுதுடா. ஆனா அந்தக் குச்சி அப்பப்போ தலைமுடி மாதிரி குறுக்க வருது, கையால தட்டித் தட்டிப் பாக்குறேன்."