மீள்திறனுக்கு மதிப்பெண் போடும் உமிழ்நீர்ப் பரிசோதனை: ஒரு மதிப்புரை

உமிழ்நீரிலுள்ள மரபணுக்களைப் படித்து, ஒருவர் மன அழுத்தத்தை எவ்வளவு தாங்குவார், மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துத் தருவதாகச் சொல்லும் பரிசோதனைகள் இப்போது பல நிறுவனங்களால் நேரடியாக மக்களுக்கு விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி, வந்த அறிக்கையை வரிவரியாகப் படித்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இவ்வகை அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அடிப்படையில் அமைந்திருப்பதால், எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை.

செய்முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருந்து, குழாயில் குறியிட்ட அளவுவரை உமிழ்நீரைச் சேர்த்து, மூடியிலுள்ள பாதுகாப்புத் திரவம் கலக்கும்படி குலுக்கி அனுப்பினால் போதும். வழிகாட்டுத் தாள் தெளிவாக இருந்தது. அறிக்கையும் சொன்ன காலத்துக்குள் வந்து சேர்ந்தது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் அழுத்தத்தைத் தாங்கி மீளும் ஆற்றலுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு ‘மீள்திறன் மதிப்பெண்’ பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை நரம்பணுவுக்குள் மீட்டெடுக்கும் புரதத்துக்கான செரட்டோனின் கடத்தி மரபணு, நரம்பணு வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எஃப் மரபணு, டோபமைன் என்ற மற்றொரு மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதிக்கான காம்ட் மரபணு, அழுத்தத்தின் எதிர்வினையோடு தொடர்புடைய எஃப்.கே.பி.பி.5 மரபணு ஆகிய நான்கிலும் காணப்பட்ட வேறுபாடுகளைக் கூட்டி அந்த எண் பெறப்பட்டுள்ளது. என் முதன்மையான எதிர்ப்பு இந்த எண்ணுக்குத்தான்.

செரட்டோனின் கடத்தி மரபணுவின் குறுகிய வடிவத்தைக் கொண்டவர்கள் வாழ்க்கைத் துயரங்களுக்குப் பின் எளிதில் மனச்சோர்வடைகிறார்கள் என்று அவ்ஷலோம் காஸ்பியும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அக்காலத்தில் பெரும் கவனத்தைப் பெற்றது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறப்பு முதல் பின்தொடரப்பட்ட 847 பேரின் தரவு அதற்கு அடிப்படையாக இருந்தது. ஆனால் 2009-இல் 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. 2019-இல், மனச்சோர்வோடு அதிகம் தொடர்புபடுத்தப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்த ஆய்வு, அவற்றுக்குத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த மரபணுக்களைவிடத் தனி முக்கியத்துவம் எதுவும் இல்லை என்று காட்டியது. இந்த அறிக்கை எண்ணும் நான்கில் முதல் மூன்றும் அந்தப் பட்டியலில் அடங்கியவை. செரட்டோனின் கடத்தி மரபணுவைப் பொறுத்தவரை அறிக்கை 2003-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. பின்வந்த ஆய்வுகளைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. மனச்சோர்வில் மரபுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளன்று. இரட்டையர் ஆய்வுகள் அந்தப் பங்கை ஏறத்தாழ 37 விழுக்காடாக மதிப்பிடுகின்றன. ஆனால் அது மிகச் சிறிய விளைவுடைய எண்ணற்ற மரபு வேறுபாடுகளில் சிதறிக் கிடக்கிறது. 2019-இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த ஒரு தொகுப்பாய்வு 102 வேறுபாடுகளை இனங்கண்டது. அவற்றுள் எந்த ஒன்றும் தனித்து ஒருவரின் நிலையைச் சொல்லிவிடாது.

எஃப்.கே.பி.பி.5 பற்றிய பக்கம்தான் அறிக்கையிலேயே சிறப்பாக எழுதப்பட்டது. அழுத்தம் நேரும்போது மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. அந்தக் கார்டிசோலே மூளையில் தன்னைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான குளூக்கோகார்டிகாய்டு ஏற்பிகளில் இணைந்து, ‘இனிப் போதும்’ என்று அந்தத் தூண்டலைத் தொடக்கத்திலேயே அடக்குகிறது. எஃப்.கே.பி.பி.5 புரதம் அந்த ஏற்பி கார்டிசோலைப் பற்றும் திறனைக் குறைப்பதால், அப்புரதம் மிகுந்தால் அடக்கும் வேலை தளர்ந்து, அழுத்தத்தின் எதிர்வினை நீள்கிறது. இவ்வளவையும் எளிதாக விளக்கிய அறிக்கை, முடிவான செய்தியை விட்டுவிட்டது. இந்த மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம் உள்ளவர்கள் குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு உள்ளாகியிருந்தால், அம்மரபணுவின் ஒரு பகுதியிலிருந்து, மரபணுவின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தில் குழுக்கள் என்ற வேதிக் குறிகள் நீங்கி, அது மேலும் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகிறது என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, ஆபத்து அந்த வடிவத்தில் மட்டும் இல்லை. அதோடு ஒருவருக்கு நேர்ந்த வாழ்க்கையும் சேரும்போதே அது உருவாகிறது. இப்பரிசோதனையோ மரபணுவின் எழுத்து வரிசையை மட்டுமே படிக்கிறது, மெத்தில் குழுக்களைப் பார்ப்பதே இல்லை. அவற்றைப் பார்த்தாலும், உமிழ்நீரிலுள்ள அணுக்களின் நிலை மூளை நரம்பணுக்களின் நிலையாக இருக்க வேண்டியதில்லை.

மீள்திறன் என்பதையே இந்த அறிக்கை தவறாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நரம்பியல் ஆய்வாளர் எரிக் நெஸ்ட்லரின் ஆய்வுக்கூடத்திலிருந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், மரபளவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான எலிகளைப் பத்து நாட்கள் தொடர்ந்து வலிமை மிகுந்த, தாக்கும் இயல்புள்ள எலியிடம் சிறிது நேரம் விட்டார்கள். பல எலிகள் ஒதுங்கி ஒடுங்கிப்போயின. ஆனால் கணிசமான பங்கு எலிகள் மற்ற எலிகளோடு இயல்பாகப் பழகின. ஒடுங்கிய எலிகளின் நடுமூளையில் டோபமைன் நரம்பணுக்கள் மிகையாகத் துடித்தன. தாங்கிய எலிகளில் அந்தத் துடிப்பு இயல்பாக இருந்ததற்குக் காரணம், அங்கே நரம்பணுவின் துடிப்பைத் தணிக்கும் பொட்டாசியம் வாயில்களை உருவாக்கும் மரபணுக்கள் கூடுதலாக இயங்கியதுதான். தாங்கிய எலிகளின் மூளை சும்மா இருந்துவிடவில்லை. ஒடுங்கியவற்றைக் காட்டிலும் அதிகமான மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றி, நிலைகுலைவைத் தானே சமன்செய்துகொண்டது. ஏறக்குறைய ஒரே மரபெழுத்தைக் கொண்ட உயிர்களில்கூட இவ்வளவு வேறுபாடு தோன்றுமானால், அந்த எழுத்தை மட்டும் படித்து மனிதருக்கு மீள்திறன் மதிப்பெண் போடுவதை எப்படி ஏற்பது?

இந்த அறிக்கையில் எனக்கு உண்மையாகவே பயன்பட்ட பகுதி பின்னிணைப்புப்போல் கடைசியில் வைக்கப்பட்ட மருந்துப் பக்கம். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சிப்2சி19, சிப்2டி6 நொதிகளின் மரபு வேறுபாடு, மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றின் அளவு இரத்தத்தில் கூடுவதையும் குறைவதையும் பாதிக்கிறது. எடுத்துக்காட்டாக, சிப்2சி19 நொதி மிகக் குறைவாகச் செயல்படுபவர்களுக்கு சிட்டலோப்ராம் மருந்தின் நாளொன்றுக்கான உச்ச அளவை 20 மில்லிகிராம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரையறுத்துள்ளது. இவ்வகை மருந்துகளுக்கென 2023-இல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதலும் இந்த நொதிகளின் அடிப்படையில் மருந்தளவுக்குப் பரிந்துரை தருகிறது. அதே வழிகாட்டுதல், செரட்டோனின் கடத்தி மரபணுவை வைத்து மருந்தைத் தேர்வதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்கிறது. இப்பக்கத்தின் பயனையும் மிகைப்படுத்தக் கூடாது. 1,944 பேரைக் கொண்டு 2022-இல் வெளியான மருத்துவச் சோதனையில், மரபணு முடிவை அறிந்து மருந்து கொடுத்த குழுவில் நோய்த் தணிவு சற்றே கூடுதலாக இருந்தது. அந்த வேறுபாடும் நிலைத்து நிற்கவில்லை.

குறைந்த மதிப்பெண்ணைப் பார்க்கும் ஒருவருடைய மனநிலையை இந்த நிறுவனங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே துவண்டிருக்கும் ஒருவருக்கு, ‘உன் உடலமைப்பே இப்படித்தான்’ என்ற பொருளில் சிவப்பு நிறத்தில் ஓர் எண்ணைக் காட்டுவது, அவர் உதவி தேடும் முயற்சியையே தளரச் செய்யக்கூடும். அறிக்கையோடு மரபணு ஆலோசகர் ஒருவருடன் பேசும் வாய்ப்பும் சேர்க்கப்படவில்லை. மாதிரியை ஆய்வுக்குப் பயன்படுத்த இசைவு கேட்கும் கட்டமும் முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது. வாங்குவோர் அதைக் கவனித்து நீக்க வேண்டும்.

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தும் பலனின்றியோ பக்கவிளைவுகளால் துன்புற்றோ இருப்பவர்கள், நொதிகளை மட்டும் பார்க்கும் பரிசோதனையைத் தம் மருத்துவர் வழியாகச் செய்துகொள்வது நல்லது. மருந்துப் பக்கத்தை மட்டும் வைத்து, தாமாகவே மருந்தை நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது. மீள்திறன் மதிப்பெண்ணுக்காக இதை வாங்க எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.