கோழித் தொழில் விரிவாக்கம்: வங்கிக் கடனா, பங்கு முதலீடா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குஞ்சுப் பொரிப்பகம், தீவன ஆலை, பண்ணை மூன்றையும் சேர்த்து நடத்தி, சிங்கப்பூருக்குக் கோழி அனுப்பும் தொழிலை விரிவாக்க நினைப்போர், வங்கியில் கடன் வாங்குவதா, பணம் போடுபவரைப் பங்குதாரராகச் சேர்ப்பதா (பங்கு முதலீடு) என்று தயங்குவதுண்டு.

செலவு: கடனுக்கு வட்டியோடு கணக்கு முடியும், பங்குதாரருக்கு இலாபத்தில் தொடர்ந்து பங்கு தர வேண்டும்.

தாங்குதிறன்: எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது. இறைச்சிக்கோழி சுமார் 6 வாரங்களில் விற்பனைக்கு வந்துவிடும். முட்டைக்கோழியோ ஏறத்தாழ 18 வாரங்கள் தீவனம் தின்ற பிறகே முட்டையிடத் தொடங்கும், அதுவரை வங்கித் தவணை காத்திருக்காது. மலேசியா 2022 ஜூனில் கோழி ஏற்றுமதியை நிறுத்தியதைப் போன்ற தடை மீண்டும் வந்தால், வங்கி தவணையைக் கேட்கும். பங்குதாரர் இழப்பில் பங்கேற்பார்.

எளிமை: வங்கி பெரும்பாலும் கடனுக்கு ஈடாகச் சொத்து கேட்கும், பங்குதாரர் முடிவெடுக்கும் உரிமை கேட்பார், குடும்பத் தொழிலில் அது எளிதில் செரிக்காது.

ஆகவே, இறைச்சிக்கோழிக் கொட்டகைகளைக் கூட்டுவோருக்குக் கடன் பொருந்தும். வருமானம் வரக் காத்திருக்க வேண்டிய தீவன ஆலையோ முட்டைப் பண்ணையோ புதிதாகத் தொடங்குவோருக்குப் பங்கு முதலீடே பொருந்தும்.