முடோன் சாலை பம்ப் பட்டறை: எங்கள் பட்டாளத்து லாரியின் நடுக்கம் நின்ற கதை

பர்மாவில், மோல்மீனிலிருந்து முடோன் போகும் சாலையில், தகரக் கூரைக்குக் கீழே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. டீசல் பம்ப், டீசலை எஞ்சினுக்குள் தூவும் நாசில், இந்த இரண்டு வேலை மட்டும்தான் செய்கிறார்கள். பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுடையது யுத்த காலத்து ஷெவ்ரோலெட். கனடாவில் செய்து, வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக வந்த வண்டி. பட்டாளம் கழித்துவிட்டபோது தாத்தா வாங்கினார். 1970இல் நாடே சாலையின் வலப்புறத்துக்கு மாறியது. எங்கள் ஸ்டியரிங் இன்றும் வலப்பக்கமே இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை மட்டும் அப்பா பின்னாளில் இறக்கிவிட்டு, டொயோட்டா 3பி டீசல் ஏற்றினார். நாலு சிலிண்டர், 3.4 லிட்டர். நெல்லும் செங்கல்லும் இன்னும் அதில்தான் போகின்றன.

போன மழைக்காலம் முடிந்ததும் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, வண்டி நடுங்க ஆரம்பித்தது. வெள்ளைப் புகையும் வந்தது. கண்ணாடியில் பின்னால் வருபவர் முகமே தெரியாத அளவுக்கு ஆட்டம். நடுநடுவே சத்தம் தானாக ஏறும், இறங்கும். ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். முதலில் காட்டிய இடத்தில் ஸ்லோ ஸ்குரூவைக் கூட்டி வைத்து, சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். ரெண்டே நாள். திரும்பப் போனால், பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முடோன் சாலைக்காரர் மோன் இனத்தைச் சேர்ந்த வயதான மனிதர். எல்லோரும் சயா (பர்மிய மொழியில் வாத்தியார்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். பத்து நிமிடம் ஸ்பேனரையே தொடவில்லை. மட்கார்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், “இதில் ரெண்டு நோய் இருக்கிறது. நடுக்கம் வேறு, ஏறி இறங்குவது வேறு” என்றார்.

நடுக்கத்தை முதலில் எடுத்தார். எஞ்சின் ஓடும்போதே நாசில் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, திரும்ப இறுக்கினார். ஒன்று, இரண்டு, நான்கைத் தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறியது. மூன்றில் சத்தம் மாறவே இல்லை. அந்த சிலிண்டர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். நாசில்களைக் கழற்றி, கையால் அடிக்கும் டெஸ்டரில் மாட்டிக் காட்டினார். மற்ற மூன்றும் மீட்டரில் அழுத்தம் 110ஐ ஒட்டி வந்தபோது திறந்து, பனிப்புகை மாதிரி தூவின. மூன்றாவது 80இலேயே திறந்து நூலாக ஒழுகியது. லீவரை விட்ட பிறகும் அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பையன், “அண்ணே, இந்தச் சொட்டுதான் உங்கள் வெள்ளைப் புகை” என்றான்.

டேங்கின் அடிநட்டைத் திறக்கச் சொன்னார். அரை பாட்டில் பழுப்புத் தண்ணீர் வந்தது. மழையில் திறந்து கிடந்த டிரம்மிலிருந்து ஊற்றிய டீசல். அந்தத் தவறு என்னுடையது.

அடுத்தது ஏற்ற இறக்கம். இந்தப் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர், எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சலில் வேலை செய்கிறது. காற்று போகும் வழியில் உள்ள பட்டர்ஃபிளை மூடியிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் பம்பின் பின்பக்கம் வருகிறது. உள்ளே தோல் டயாபிராம், அதாவது அந்த உறிஞ்சலுக்கு அசையும் மெல்லிய தோல் வட்டு. எங்காவது காற்று கசிந்தால் டீசல் அளவு ஒரு நிலையில் நிற்காது. சயா பம்பின் ராக்கை, அதாவது டீசலைக் கூட்டிக் குறைக்கும் தண்டை, தள்ளிப் பிடித்து, ஹோஸ் மாட்டும் வாயை விரலால் அழுத்தி மூடிவிட்டு ராக்கை விட்டார். டயாபிராம் நன்றாக இருந்தால் ராக் அப்படியே நிற்க வேண்டுமாம். எங்களுடையது வழுக்கிக்கொண்டு திரும்பியது. கழற்றினால் தோல் அப்பளம் மாதிரி காய்ந்து, ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. இது முழுதாகக் கிழிந்தால் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஓடும் என்று எச்சரித்தார். ஸ்லோ ஸ்குரூவைத் திருகி இதை எப்படிச் சரி செய்ய முடியும்?

புது டயாபிராம் எல்லை ஊரான மியாவடி வழியாகத் தாய்லாந்திலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. மூன்றாவது நாசில் புதிது. நாலையும் 115க்கு வைத்து, புதுச் செப்பு வாஷர் போட்டார். எல்லாம் சேர்த்து 1,90,000 கியாட். பழைய சாமான்களைக் காகிதத்தில் சுற்றி என் கையிலேயே கொடுத்தார். எனக்கு அது பெரிய விஷயம்.

குறையும் இருக்கிறது. பம்பையே ஏற்றிச் சோதிக்கும் மெஷின் கிடையாது. அதற்கு ரங்கூன் போக வேண்டும். பில் கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். பௌர்ணமி அன்று திறக்க மாட்டார். கரண்ட் இல்லாத நாளிலும் நாசில் வேலை நடக்கும், ஏனென்றால் டெஸ்டர் கையால் அடிப்பது. காலையிலேயே போங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். குளிர்ந்த எஞ்சின் எழும் சத்தத்தைத்தான் சயா முதலில் கேட்க வேண்டும் என்கிறார்.