நீச்சல் குளத்துக்கு மணல் வடிகட்டி: ஒரு மதிப்பீடு

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்கு வாங்கிய மணல் வடிகட்டி, கோடை முழுவதும் ஓடிய பிறகும் கொடுத்த விலைக்குக் குறைவைக்கவில்லை. மணல் ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்களைத்தான் பிடிக்கும். மடிப்புத் துணி உருளையால் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வகை அதைவிட நுண்ணிய தூசியையும் தடுக்கும் என்றாலும், அதைக் கழற்றி மடிப்பு மடிப்பாகக் கழுவ ஆள் கிடைப்பது அரிது என்பதால் மணலையே தேர்ந்தோம்.

பராமரிப்பில் கண் வைக்க வேண்டியது அழுத்தமானியின் மீதுதான். சுத்தமான நிலையில் அது காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) கூடும்போது மட்டும் நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவ வேண்டும். நாள்தோறும் கழுவினால் தண்ணீர் வீணாவதோடு வடிகட்டும் திறனும் குறையும், ஏனெனில் மணலில் படியும் சிறிதளவு அழுக்கே நுண்துகள்களைப் பிடிக்க உதவுகிறது. கழுவுவதற்காக நீரின் திசையை மாற்றும் வால்வின் கைப்பிடியை, மோட்டாரை நிறுத்தாமல் திருப்பினால் உள்ளிருக்கும் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் பட்டை) கெட்டுவிடும். இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையைக் கையேட்டில் பொடி எழுத்தில் ஒதுக்கியிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மணலை ஏறத்தாழ 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்போது, மலிவாகக் கிடைக்கிறதே என்று கட்டுமான மணலைக் கொட்டாமல், 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் வரையிலான சீரான சிலிக்கா மணலையே கேட்டு வாங்க வேண்டும்.