பிரிட்ஜ் கம்ப்ரசரா, ஏர்கோன் கம்ப்ரசரா, கடை மெஷினா?

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் காவடி வேலை தொடங்கிவிடும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் காவடிகளின் தகடுகளில் மயில் கழுத்தின் நீலமும் பச்சையும் ஒன்றில் ஒன்று கரைய வேண்டுமானால், காற்றின் வேகத்தில் வண்ணத்தை மெல்லியதாகத் தெளிக்கும் ஏர்பிரஷ்தான் சரி. அதற்குக் கம்ப்ரசரால் அழுத்திய காற்று வேண்டும். பழைய பிரிட்ஜின் கம்ப்ரசர், பழைய ஏர்கோனின் கம்ப்ரசர், கடையில் விற்கும் 24 லிட்டர் மெஷின் என்று மூன்றையும் வைத்து வேலை பார்த்துவிட்டேன்.

எது நல்லது என்று கேட்பதற்கு முன், எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஏர்பிரஷுக்கு 1 முதல் 2 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 10 முதல் 20 லிட்டர் போதும். சிறிய கார் டயரில் குறைந்த காற்றை ஏற்றவும் 20 லிட்டர் அளவில் முடிந்துவிடும். அலமாரிக்கோ காருக்கோ பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன் வேறு விஷயம். அது நிமிடத்துக்கு 200 லிட்டர் கேட்கும்.

பிரிட்ஜ் கம்ப்ரசரின் சிலிண்டர் மிகச் சிறியது, 5 முதல் 10 சிசிதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2900 சுற்று சுற்றும். சுற்றுக்கு 7 சிசி என்று வைத்தால் கணக்குக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் வருகிறது. காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டியில் அழுத்தம் ஏற ஏற அதில் பாதிதான் உள்ளே போகும். 24 லிட்டர் தொட்டியை 8 பாருக்கு ஏற்ற 192 லிட்டர் காற்று தேவை. அதாவது கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆனால் நிரம்பிய தொட்டி 2 பாருக்கு இறங்குவதற்குள் 144 லிட்டர் காற்றைத் தந்துவிடும். ஏர்பிரஷை விடாமல் அழுத்திப் பிடித்தாலும் பத்து நிமிடம் வரும், யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தமே இல்லை. கதவை மூடினால் இரவு பதினொரு மணிக்கும் வேலை செய்யலாம். பிளாட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு சிக்கல், நின்ற பிறகு மறுபடி ஓடுவது. பிரிட்ஜுக்குள் இருக்கும்போது கம்ப்ரசர் நின்றதும் மெல்லிய கேப்பிலரி குழாய் வழியாக இருபுற அழுத்தமும் சில நிமிடங்களில் சமமாகிவிடும். நாம் செய்யும் மெஷினில் அந்தக் குழாய் கிடையாது. எதிரே அழுத்தம் நிற்கும்போது மோட்டாரால் தொடங்க முடியாமல் உறுமும், ஓவர்லோட் சுவிட்ச் விழுந்து மோட்டார் நின்றுவிடும். அதனால் தொட்டி வாயில் காற்றைத் திரும்ப விடாத ஒரு செக் வால்வு, அதற்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் உள்ள காற்றை மட்டும் வெளியே விடும் அன்லோடர் உள்ள பிரஷர் சுவிட்ச் இரண்டும் கட்டாயம். அப்புறம் சூடு. பிரிட்ஜில் திரும்பி வரும் குளிர்ந்த வாயுதான் மோட்டாரை ஆற்றும். இங்கே வெறும் பினாங்கு வெயில் காற்று. ஒரு தடவை நிரப்பியதும் நானே ஓய்வு கொடுத்துவிடுவேன். காற்றோடு கொஞ்சம் எண்ணெயும் வரும், ஒரு நல்ல பில்டர் இல்லாவிட்டால் தகட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

எடுக்கும் முன் லேபிளில் உள்ளே இருக்கும் குளிர்வாயுவின் பெயரைப் படியுங்கள். ஆர்600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. எண்ணெயிலும் கரைந்து நிற்கும். அதை நான் தொடுவதில்லை. ஆர்134ஏ என்றால் ஏர்கோன் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து வாயுவை உறிஞ்சி எடுத்த பிறகே குழாயை வெட்ட வேண்டும், அதுவும் குழாய் கட்டரால். ரம்பம் போட்டால் செம்புத் தூள் உள்ளே போய்விடும். இன்வர்ட்டர் பிரிட்ஜின் கம்ப்ரசர், அதன் கன்ட்ரோல் போர்டு இல்லாமல் வீட்டு பிளக்கில் நேராக மாட்டினால் ஓடாது. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய சாமான் தேடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஏர்கோன் கம்ப்ரசரை அதிகம் நீட்ட விரும்பவில்லை. ஒரு குதிரைசக்தி ரோட்டரி, பிரிட்ஜைவிட இரண்டு மடங்குக்கு மேல் காற்றுத் தரும் என்பதால்தான் ஆசைப்பட்டேன். ஆனால் பிரிட்ஜ் கம்ப்ரசரின் கூடு முழுக்கக் குறைந்த அழுத்தம். ரோட்டரியில் கூடு முழுக்க வெளியேற்றும் அழுத்தம். எண்ணெய் அதிகமாகக் காற்றோடு கிளம்புகிறது. அது குறைந்தால் உள்ளே தேய்கிறது, சூடு கையை வைக்க விடாது. என்னுடையது ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடை மெஷின் இதற்கு நேர் எதிர். 2 குதிரைசக்தி, 24 லிட்டர் தொட்டி, ஓரிரு நிமிடத்தில் நிரம்பிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு 200 லிட்டர் என்பது பிஸ்டன் இழுக்கும் அளவு. குழாயில் வருவது அதைவிடக் குறைவு. டயர், ஆணி கன், தூசி ஊதுவது எல்லாவற்றுக்கும் கை கொடுக்கும். சேஃப்டி வால்வும் பிரஷர் சுவிட்சும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும். சத்தம்தான் தாங்காது. ஒரு நாள் இரவு கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, "தம்பி, பிள்ளை தூங்கவே மாட்டேங்குது" என்றார். அதோடு அதை இரவில் தொடுவதை நிறுத்தினேன். பணக் கணக்கில் இது தோற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கம்ப்ரசரை 30 வெள்ளிக்கு வாங்கினாலும், சுவிட்ச், வால்வு, ரெகுலேட்டர், தொட்டி எல்லாம் சேர்த்தால் எனக்குக் கடை விலை அருகில் வந்துவிட்டது.

இனி தொட்டி. மூன்று வழியையும் அலசும்போது பலர் மோட்டாரைப் பற்றியே பேசுகிறார்கள். உயிர் போகும் இடம் தொட்டிதான். 24 லிட்டர் காற்று 8 பாரில் நிற்கும்போது அதில் அடைந்திருக்கும் ஆற்றல் 20 கிலோஜூலுக்கு மேல். ஒரு டன் எடையை இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை அது. பிரிட்ஜ் கம்ப்ரசர் சின்னது என்று நினைக்காதீர்கள். சுவிட்ச் நிறுத்தாவிட்டால் அது 20 பார் வரை கூட ஏற்றிக்கொண்டே போகும். எனவே தனியாக ஒரு சேஃப்டி வால்வு இல்லாமல் பிளக்கை மாட்டவே கூடாது.

பிவிசி குழாயில் தொட்டி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விரியாது, சில்லு சில்லாக வெடிக்கும். வேண்டாம். வீட்டு 14 கிலோ கேஸ் சிலிண்டர் நமக்குச் சொந்தமே இல்லை, டெபாசிட் கட்டி வைத்திருப்பது. உள்ளே மிச்ச வாயுவும் இருக்கும். ஏர்கோன் வாயு வரும், ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் சிலிண்டரின் தகடு மெல்லியது, மறுபடி நிரப்பக் கூடாது என்று அதன் மேலேயே போட்டிருக்கும். நான் முதலில் அதைத்தான் பயன்படுத்தினேன். ஏழு மாதத்தில் அடியில் ஊசித் துளை விழுந்து காற்று சீறியது. கவிழ்த்தபோது பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அன்றைக்கு அது கிழியாமல் துளையோடு நின்றதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது வைத்திருப்பது லோரி பிரேக்குக்கான புதிய காற்றுத் தொட்டி. உதிரிப்பாகக் கடையில் வாங்கியது. அந்த வேலைக்கென்றே செய்தது, அடியில் வடிகால் துளையும் உண்டு. முதல் தடவை காற்றுக்குப் பதில் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் 12 பார் வரை ஏற்றிச் சோதித்தேன். தண்ணீர் சுருங்காது, கசிந்தாலும் வெடிக்காது. பட்டறை வைத்துத் தொழில் செய்பவர்கள் தங்கள் தொட்டிக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டுமா என்று வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறையான ஜேகேகேபியில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வடிகால் ஏன் முக்கியம் என்றால், நம் ஊர்க் காற்று 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருக்கிறது. 1000 லிட்டர் காற்றை 8 பாருக்கு அழுத்தினால் ஏறக்குறைய 20 மில்லி தண்ணீர் பிரியும். தொட்டியை ஒரு தடவை நிரப்பினாலே ஒரு தேக்கரண்டி. அதனால் இரவு தகடுகளைக் காய வைத்த பிறகு அடி வால்வைத் திறந்து, காற்று முழுவதும் போய்த் தண்ணீர் சொட்டுவது நின்றதும்தான் விளக்கை அணைக்கிறேன்.