வீட்டில் பியர் தயாரிக்கும் கிட்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பியர் தயாரிக்கும் தொடக்க கிட் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். அதற்கு அடுத்த செலவு மட்டும் இன்னொரு பளபளப்பான பாத்திரமாக இல்லாமல் ஒரு பழைய ஃப்ரிட்ஜாக இருக்கட்டும். மெல்பர்னில் எங்கள் வீட்டு கராஜில் சில வருடங்களாக பியர் போட்டு வருகிறேன். இத்தனை நாள் புழங்கிய பிறகு என் கட்சி இதுதான்: ஈஸ்ட் வேலை செய்யும் முதல் மூன்று நான்கு நாட்களில் சூடு ஏறாமல் கட்டுக்குள் வைத்தால் பாதி பியர் தேறிவிடும்.

முதலில் கிட். ஆஸ்திரேலியாவில் இது சூப்பர்மார்க்கெட் சாமான். அடிலெய்டில் 1862 முதல் பியர் தயாரிக்கும் கூப்பர்ஸ் போன்ற பழைய கம்பெனிகளே இதற்கான டின்களையும் விற்கின்றன. பெட்டிக்குள் அடியில் குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் டிரம், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், நீளக் கரண்டி, 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்கள், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய மால்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு) 1.7 கிலோ டின், ஒரு கிலோ சர்க்கரைக் கலவை, டின் மூடிக்கடியில் 7 கிராம் ஈஸ்ட் பொட்டலம். இவ்வளவுதான்.

வேலையும் சுலபம். மால்ட் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக இறங்கும். அதை இரண்டு லிட்டர் சுடுதண்ணீரில் சர்க்கரையோடு கரைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி 23 லிட்டராக்கி, ஈஸ்டைத் தூவி மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஹைட்ரோமீட்டர் அப்போது 1.040 பக்கம் காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்ததும் 1.010 பக்கம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், இந்தக் கணக்குக்குச் சுமார் நான்கு. ஸ்கூலில் இயற்பியல் லேபில் தொட்டுவிட்டு மறந்த கருவி, இப்போது வீட்டில் நான் அதிகம் நம்பும் கருவி.

முதல் பியர் குடிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் உடம்பே இல்லை, தண்ணீராக இருந்தது. பின்னால் லேசான ஆப்பிள் வாடை, கொஞ்சம் அதிகம் பழுத்த வாழைப்பழம். கிட்டில் தொடங்கும் பலருக்கும் இதே சுவைதான் கிடைக்கிறது, கேட்டுப் பார்த்துவிட்டேன். தண்ணீர்த்தனத்துக்குக் காரணம் சர்க்கரை. அது முழுக்க ஆல்கஹாலாகிவிடும், நாக்கில் எதையும் விட்டுவைக்காது. அதற்குப் பதில் உலர்ந்த மால்ட் தூள் போட்டாலே பாதி சரியாகிவிடும். பழ வாடைக்குக் காரணம் சூடு. என் கிட்டோடு வந்த கையேடு 27 டிகிரி வரை போகலாம் என்றது. அது ஈஸ்ட் சாகாது என்பதற்கான எல்லை, சுவைக்கான எல்லை அல்ல. போதாததற்கு நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டைக் கிளப்பும். அறை 24 என்றால் டிரம்முக்குள் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். அந்தச் சூட்டில் சாதாரண ஏல் ஈஸ்ட் (ஏல் என்பது பியரில் ஒரு வகை) எஸ்டர் என்ற பழ வாசனைப் பொருட்களையும், தொண்டையில் காரமாக இறங்கும் கனத்த ஆல்கஹால்களையும் தாராளமாகத் தள்ளும்.

மெல்பர்ன் கோடையோ மதியம் 38, ராத்திரி தெற்கிலிருந்து காற்று திரும்பினால் 18 என்று ஆட்டம் காட்டும் ஊர். ஈரத்துண்டு சுற்றுவது, தொட்டித் தண்ணீரில் டிரம்மை நிறுத்தி ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுவது எல்லாம் செய்து பார்த்தேன். சூடு குறையத்தான் செய்கிறது, ஆனால் வேலைக்குப் போகிறவனால் மதியம் வந்து ஐஸ் மாற்ற முடியாது. அப்புறம்தான் யாரோ தெருவோரம் இலவசமாக வைத்திருந்த ஃப்ரிட்ஜ் வந்தது. இங்க்பேர்ட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். அதில் இரண்டு பிளக். ஒன்றில் ஃப்ரிட்ஜ், இன்னொன்றில் குளிர்காலத்துக்கு டிரம்மைச் சுற்றிக் கட்டும் சூட்டுப் பட்டை. சென்சாரை ஃப்ரிட்ஜுக்குள் சும்மா தொங்கவிடக் கூடாது. டிரம்மின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு ஸ்பான்ஞ்சுத் துண்டு வைத்து டேப் போட வேண்டும். அப்போதுதான் காற்றின் சூட்டை விட்டுவிட்டு பியரின் சூட்டை அளக்கும்.

18 டிகிரி வைத்து, அதே டின்னைத் திரும்பப் போட்டேன். இரண்டாம் நாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் டிரம்முக்குள் நாலு விரல் உயரத்துக்குக் கெட்டி நுரை, அதன் மேல் ஹாப்ஸின் பழுப்புக் கசடு, மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். மூக்கை உள்ளே நீட்டினால் கரியமில வாயு கண்ணில் நீர் வரவழைத்துவிடும். ஆப்பிள், வாழைப்பழம் இரண்டும் காணாமல் போயிருந்தன. கடையில் வாங்கியது என்று நினைத்து ஒரு நண்பர் இரண்டு பாட்டில் முடித்தார்.

ஊரில் அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "வீட்டுலயே ஊறல் போடுறியாடா? கண்ணு போயிடப் போகுது" என்றார் போனில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்ததைப் பார்த்தவர் பயப்படாமல் எப்படி இருப்பார்? அங்கே உயிரைக் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். மால்ட்டும் ஈஸ்டும் மட்டும் சேரும் பியரில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உருவாகாது. இங்கே சொந்த உபயோகத்துக்கு பியர் போடுவதற்கு லைசென்ஸ் வேண்டாம், விற்றால்தான் குற்றம். வடிகட்டிச் சாராயம் இறக்குவது வேறு கதை, அனுமதி இல்லாமல் இங்கேயும் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருப்பதால், இதைப் படித்துவிட்டு அங்கே யாரும் டிரம் தேடிப் போக வேண்டாம்.

சரி, சுத்தம். இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி பாத்திரம் கழுவுவதுதான். வாசனை சேர்க்காத சோடியம் பெர்கார்பனேட்டில் ஊறவைத்துக் கழுவி, அப்புறம் அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநாசினி. அதன் நுரை உள்ளேயே நின்றாலும் பியருக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். டிரம்மை நாரால் தேய்க்காதீர்கள், கீறலில் கிருமி தங்கும். டிரம்மை விட முக்கியம் குழாய். ஒவ்வொரு முறையும் கழற்றி இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சுழலும் பாகத்தின் நடுவில் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

பாட்டிலில் நிரப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. பியரில் வாயு ஏறுவதற்காக 740 மில்லி பாட்டிலுக்கு இரண்டு சர்க்கரை வில்லை போட்டு மூடி, 18 டிகிரிக்குக் குறையாத இடத்தில் இரண்டு வாரமாவது வைக்க வேண்டும். அதற்கு முன் ஹைட்ரோமீட்டர் இரண்டு நாள் ஒரே எண்ணைக் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும். இதற்காகவே தொடங்குகிறவர்களுக்கு பிளாஸ்டிக் பாட்டிலைச் சொல்வேன். கையால் அமுக்கினாலே உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துவிடும்.

காசுக் கணக்கில் இது லாபம்தான். டின், மால்ட் தூள் எல்லாம் சேர்த்து 23 லிட்டருக்கு ஆகிற செலவு, கடையில் 24 கேன் பெட்டி ஒன்றின் விலையைத் தாண்டாது. அந்தப் பெட்டியில் இருப்பதோ ஒன்பது லிட்டர். கடை பியர் மீதுள்ள கலால் வரி நமக்கு இல்லையே. ஆனால் என்னைப் போல ஹாப்ஸ், கெக் என்ற பியர் பீப்பாய், தராசு என்று வாங்கத் தொடங்கினால் அந்த லாபத்தை மறந்துவிடலாம்.

டின்னை விட்டு முழுத் தானியத்துக்கும் போயிருக்கிறேன். பெரிய துணிப்பையில் ஐந்து கிலோ உடைத்த பார்லி மால்ட்டைக் கட்டி 66 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பையைத் தூக்கி வடித்து, சாறை இன்னொரு மணி நேரம் ஹாப்ஸோடு கொதிக்கவைக்கும் முறை. ஆஸ்திரேலியாவின் வீட்டு பியர்க்காரர்கள் பரப்பிய முறை இது. ஒரு சனிக்கிழமையே போய்விடும், சக்கை பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு. சுவை கூடியது, மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் வந்தபோது தெரிந்த அளவு வித்தியாசம் இதில் தெரியவில்லை.

ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நார்வேக் கிராமங்களில் வழிவழியாகக் காத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட் 35 டிகிரியில்கூடச் சுத்தமாக வேலை செய்கிறது. அதில் வாஸ் என்ற வகையை ஜனவரி வெயிலில் கராஜ் தரையிலேயே வைத்துப் போட்டேன். ஒரு வாரத்துக்குள் நொதித்து முடிந்தது, லேசான ஆரஞ்சு வாசத்தோடு. கோடையில் இப்போது அதைத்தான் போடுகிறேன், குளிரில் நொதிக்கும் லாகர் வகைக்குக் குளிர்காலம் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.