சிப் கம்பெனி ரிசல்ட்டை முன்கூட்டியே கணிக்க முடியுமா? ஒரு மதுரைக் கடைக்காரரின் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏஎம்டி, என்விடியா மாதிரி சிப் கம்பெனிகளின் அடுத்த காலாண்டு வருமானத்தை ஓரளவு நெருக்கமாகவே கணித்துவிடலாம். ரிசல்ட் வந்த மறுநாள் பங்கு ஏறுமா, விழுமா என்பதை மட்டும் கணிக்க முடியாது. ரெண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் நிறையப் பேர் பணம் போடுகிறார்கள்.

எனக்கு டவுன்ஹால் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள், சர்வீஸ் கடை. கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னாடியிலிருந்து இந்த ரெண்டு பங்கையும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காலாண்டும் ரிசல்ட்டுக்கு முன் என் கணிப்பை எழுதிவைத்து, வந்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதில் எந்த வழி தேறியது, எது தேறவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடை கவுன்டரில் தெரிவது ஒரு காலத்தில் நல்ல துப்பு. 2022 நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர்கள் அவர்களாகவே போன் பண்ணி "கிராபிக்ஸ் கார்டு வேணுமாண்ணே, ரேட்டு குறைச்சுத் தர்றோம்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முந்தின வருஷம் அதே கார்டுக்கு நாங்கள் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம். அந்த ஆகஸ்டில் என்விடியா, காலாண்டு வருமானம் 810 கோடி டாலர் வரும் என்று தான் சொல்லியிருந்ததை மாற்றி 670 கோடிதான் என்று அறிவித்தது. அக்டோபரில் ஏஎம்டியும் 670 கோடி என்றதை 560 கோடியாகக் குறைத்தது. பிசி சிப் விற்கும் அதன் கிளையன்ட் பிரிவு ஒரே காலாண்டில் 220 கோடியிலிருந்து 100 கோடிக்கு இறங்கியிருந்தது. அனலிஸ்ட்கள் தங்கள் எண்களைக் குறைக்கும் முன்பே கடைத்தெருவில் விஷயம் தெரிந்திருந்தது.

ஆனால் அந்தத் துப்பு இப்போது செல்லாது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் சுமார் 13,050 கோடி டாலர். அதில் டேட்டா சென்டர் (பெரிய சர்வர் கூடங்களுக்கு விற்கும் சிப்) மட்டும் சுமார் 11,520 கோடி, கேமிங் 1,100 கோடியை ஒட்டித்தான். நம்ம கடையில் எத்தனை கிராபிக்ஸ் கார்டு போகிறது என்று எண்ணி என்விடியாவின் லாபத்தைச் சொல்ல முடியாது. அந்தச் சிப்பை மொத்தமாக வாங்கும் நாலைந்து அமெரிக்க நிறுவனங்கள் எவ்வளவு முதலீட்டுச் செலவு செய்யப் போகின்றன என்பதுதான் இப்போது கணக்கு. மைக்ரோசாஃப்ட், கூகுள், அமேசான், மெட்டா நாலும் தங்கள் ரிசல்ட்டில் அதைச் சொல்லிவிடுகின்றன. பெரும்பாலும் என்விடியா ரிசல்ட்டுக்குச் சில வாரம் முன்பாகவே. அதை ஒழுங்காகப் படிக்கிறவருக்கு, மாசம் சந்தா கட்டி வாங்கும் டிப்ஸ் எதுவும் தேவைப்படாது. (நான் ஒரு சேவைக்குச் சந்தா கட்டிப் பார்த்தேன். அறிக்கையில் உள்ளதையே சிவப்பு எழுத்தில் போட்டு அனுப்பினார்கள்.)

அடுத்தது தைவான். மற்ற கம்பெனிகளுக்குச் சிப் தயாரித்துக் கொடுக்கும் டிஎஸ்எம்சி ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி வாக்கில் முந்தின மாத விற்பனையை வெளியிடும். ஓசியில் கிடைக்கும் நல்ல தகவல். ஆனால் ஆப்பிள், என்விடியா, ஏஎம்டி எல்லாருடைய சிப்பும் அதே ஒரு எண்ணுக்குள் கிடக்கிறது, எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. எண்ணும் தைவான் டாலரில் வரும், மாற்று விகிதம் ஆடினால் அதுவும் ஆடும். போக்கைப் பார்க்கலாம், அதற்கு மேல் அதை நம்ப மாட்டேன்.

உண்மையில் எனக்கு அதிகம் உதவியது கம்பெனியே தரும் கைடன்ஸ்தான் (அடுத்த காலாண்டில் இவ்வளவு வரும் என்று அது சொல்லும் எண்), ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கம்பெனி எவ்வளவு அடக்கி வாசிக்கும் என்ற பழக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2024-ல் தொடர்ந்து மூன்று காலாண்டுகளில் என்விடியா சொன்னது 2,800 கோடி, 3,250 கோடி, 3,750 கோடி. வந்தது சுமார் 3,000, 3,510, 3,930 கோடி. சொன்னதற்கு மேல் 200 கோடி டாலர் அளவில் கூடுதலாக வருவது அப்போது வாடிக்கையாக இருந்தது. அந்தக் கூடுதலைச் சேர்த்து எழுதினால் உங்கள் கணிப்பு கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இது எல்லாருக்கும் தெரியும். அந்த 3,000 கோடி ரிசல்ட் ஆகஸ்ட் 28 அன்று வந்தது, அனலிஸ்ட்கள் எதிர்பார்த்ததை விட அதிகம். மறுநாள் பங்கு 6 சதவீதம் விழுந்தது. சித்தப்பா பையன் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டான்.

"என்னண்ணே, ரிசல்ட்டு நல்லாத்தானே வந்துருக்கு. எதுக்கு விழுகுது?"

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைத்தான் அவனுக்குக் காட்டினேன். முகூர்த்த நாள் காலண்டரிலேயே இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். மல்லி விலை அதற்கு முன்னாடியே ஏறிவிடும். முகூர்த்தம் வந்துவிட்டது என்பதற்காக அன்றைக்கு இன்னும் ஏற வேண்டிய கட்டாயமில்லை.

இதற்கு ஏஎம்டியை விடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. எம்ஐ300 ஏஐ சிப்புகளால் 2024-ல் 200 கோடி டாலருக்கு மேல் வரும் என்று 2023 அக்டோபரில் சொன்னார்கள். 2024 ஜனவரியில் அது 350 கோடியானது, ஏப்ரலில் 400, ஜூலையில் 450, அக்டோபரில் 500 கோடிக்கு மேல். நாலு தடவை உயர்த்திய கம்பெனி. அந்த நாலில் மூன்று தடவை மறுநாள் பங்கு விழுந்தது. அக்டோபரில் ஒரே நாளில் சுமார் 10 சதவீதம் போனது. அந்த வருஷக் கடைசியில் பங்கு, தொடங்கிய விலையை விடக் கீழே நின்றது. ஏஎம்டியின் தலைவர் லிசா சூ சொன்னதை நம்பியவர் வருமானக் கணக்கில் ஜெயித்திருப்பார், பங்கு விலையில் தோற்றிருப்பார்.

புது சிப் எப்போது வரும் என்று துரத்துவதும் எனக்கு ஒத்துவரவில்லை. மேடையில் அறிவிக்கிற தேதி ஒன்று, கஸ்டமர் கையில் சரக்கு சேருகிற தேதி வேறு. இன்டெலின் சபையர் ரேப்பிட்ஸ் சர்வர் சிப் 2021-ல் வர வேண்டியது, 2023 ஜனவரியில்தான் முறைப்படி வெளியானது. அந்தத் தாமதம் இன்டெலுக்கு உண்மையிலேயே வலித்தது. அதே சமயம் ஏஎம்டியின் ரைசன் 9000 பிசி சிப் வரிசை 2024 ஜூலை 31-லிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. அதைப் பற்றி அத்தனை சத்தம், கணக்கில் ஒன்றுமே தெரியவில்லை. என்விடியாவின் பிளாக்வெல் ஏஐ சிப் இன்னொரு கதை. தயாரிப்பில் விளைச்சலை (தேறும் சிப்புகளின் அளவை) கூட்ட, சிப்பின் வடிவத்தைப் பதிக்கும் மாஸ்க்கை மாற்ற வேண்டி வந்தது என்று 2024 ஆகஸ்டில் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பயந்து விற்றவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் முடிந்த காலாண்டில் அந்தச் சிப் 1,100 கோடி டாலர் கொண்டுவந்தது. அதனால் தாமதம் என்று செய்தி வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகிறதா, இல்லை காத்திருக்கிறதா? சபையர் ரேப்பிட்ஸ் வருவதற்குள் ஏஎம்டியின் எபிக் சர்வர் சிப்புகள் தயாராக நின்றன. பிளாக்வெல்லுக்குப் பதிலாக அதே அளவில் கொடுக்க அப்போது ஆளில்லை.

எந்த நோட்டிலும் எழுத முடியாதவையும் உண்டு. 2025 ஜனவரி 27-ல் டீப்சீக் என்ற சீன ஏஐ நிறுவனம் பற்றிய செய்தியால் என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. அதே வருஷம் ஏப்ரலில் சீனாவுக்கான சிப்புகள் மீது அமெரிக்க அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. இவற்றைக் கணித்தேன் என்று சொல்பவரிடம் தேதி போட்ட சான்று கேளுங்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ரிசல்ட்டுக்கு முந்தின நாள் வாங்குவதோ விற்பதோ என்னிடம் கிடையாது. அமெரிக்கச் சந்தை நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்றரைக்கோ ரெண்டரைக்கோ மூடும், ரிசல்ட் அதற்குப் பிறகுதான் வரும். தூங்கா நகரம் என்பதற்காக நாமும் விழித்திருக்க வேண்டியதில்லை, காலையில் படித்தால் போதும்.

இங்கிருந்து தொடங்க நினைப்பவர்கள் செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதி. 2025 ஏப்ரலிலிருந்து முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேலே போகிற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்வரி) பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். சின்னச் சின்னத் தொகையாக அனுப்பினால் வங்கிக் கட்டணமே தின்றுவிடும், சேர்த்துவைத்து அனுப்புங்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏ கட்டாயம், ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும். அதை நிதியாண்டுக்கு இல்லாமல் காலண்டர் ஆண்டுக்கு நிரப்ப வேண்டும். உங்கள் ஆடிட்டர் இதுவரை அதை நிரப்பியதே இல்லை என்றால், முதல் டாலரை அனுப்புவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.